குப்பையும் கிடங்கும்: கொல்கத்தாவின் தாப்பா நிலத்தை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

ஆங்கிலத்தில் 'டம்ப்' என்னும் சொல், பயனற்றதெனக் கருதிய பொருளை ஓரிடத்தில் கொட்டிவிட்டு நீங்குதலைக் குறிக்கும். கொட்டும் இடத்திற்கும் அதுவே பெயர். அயல்நாட்டுச் சந்தையில் இயல்பான விலையினும் குறைத்துப் பொருள் விற்பதையும் அச்சொல் சுட்டும். 1947ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கை (பிரிவு 6) அதற்கெதிரான வரியை ஏற்கின்றது. தமிழில் இதனைப் 'பொருட்குவிப்பு' என்பர். எறிதற்சொல் தமிழுக்கு வருங்கால் குவித்தற்சொல்லாயிற்று.

இம்மாற்றம் தற்செயலானதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'குப்பை' என்பதற்குக் கழிவு, குவியல் ஆகிய இரு பொருளையும் தருகின்றது. புறநானூற்று 116ஆம் பாடலில் பாரி மகளிர் ஈந்தின் இலைக் குப்பைமீது ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். அருகில் பீர்க்கு முளைத்திருக்கின்றது, சுரை படர்ந்திருக்கின்றது. வயலுக்குக் 'குப்பை அடித்தல்' என உழவர் கூறுவது எருவிடுதலையே. ஓரிடத்தில் நெடுங்காலம் பணியாற்றியோர் 'குப்பை கொட்டினேன்' எனச் சலித்துக்கொள்வதிலும் நீங்குதற்பொருள் இல்லை, நிலைத்திருத்தலே உண்டு.

கொட்டிவிட்டு நீங்குதல், குவித்துப் பயன்கொள்ளுதல் என்னும் இவ்விரு நோக்கும் ஒரே நிலத்தில் எதிர்ப்பட்ட இடம் கொல்கத்தாவின் கிழக்கிலுள்ள தாப்பா. 1860களில் நகராட்சி அங்கிருந்த உப்புச் சதுப்பில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலத்தைப் பெற்று, நகரக் கழிவைக் கொண்டுசெல்லத் தனி இருப்புப்பாதையும் அமைத்தது. ஆட்சியாளர்க்கு அது கொட்டுமிடம் மட்டுமே. ஆயின் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே பவநாத் சேன் என்பார் அதனைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடச் செய்தார். கழிவு மேடுகளில் காலிபிளவர், கத்தரி, கீரை, சோளம் விளைந்தன. மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களின் நீர் பாசனமாயிற்று. வங்காளியர் அவ்விடத்தைத் 'தாப்பார் மாட்' என்பர். 'மாட்' வயலையும் திடலையும் குறிக்கும் சொல். நகருக்குக் காய்கறி தந்த நிலத்திற்கு அப்பெயரே பொருந்துவது.

இதனை அறிவியல் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் துருபஜோதி கோஷ் (மறைவு 2018). கழிவுநீர் மீன்குளங்களையும் உள்ளடக்கிய கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், 12,500 ஹெக்டேர், 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

எனினும் பழைய சொற்பொருள் இன்று அப்படியே செல்லாது. இருப்புப்பாதையில் வந்த கழிவு பெரும்பாலும் மட்கக்கூடியது. பின்னர் நெகிழியும் மின்கலமும் சாயமும் கலந்தன. தாப்பா மண்ணிலும் கீரையிலும் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எருவாகாத குப்பை என்பது தமிழ்ச் சொல் முன்பு அறியாத பொருள்.

சென்னையின் பெருங்குடியையும் கொடுங்கையூரையும் தமிழ் நாளிதழ்கள் 'குப்பைக் கிடங்கு' என எழுதுகின்றன. பழந்தமிழில் அகழியைக் குறித்த 'கிடங்கு' பின்னர்ப் பண்டசாலையாயிற்று. மீண்டும் எடுக்கவே பண்டசாலையில் பொருளை வைப்பர். அண்மை ஆண்டுகளில் அவ்விரு மேடுகளும் அகழப்பட்டுச் சலிக்கப்படுகின்றன. மண் ஒருபுறம் பிரிகின்றது; எரியத்தக்க நெகிழி சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கின்றது.