குணரத்தினமும் சிங்களத் திரைப்படமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில், நாவுல நகருக்கு அண்மையில் நாலந்தா கெடிகே அமைந்துள்ளது. திராவிடக் கட்டடப் பாணியில் கல்லால் எழுப்பப்பெற்ற பௌத்த வழிபாட்டிடம் இது. உருவம் ஒரு மரபினது. உள்ளடக்கம் மற்றொரு மரபினது. இத்தகைய இணைவை இருபதாம் நூற்றாண்டிற் காண விழைவோர் சிங்களத் திரைப்பட வரலாற்றை நோக்குதல் தகும்.

முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படமாக்கப்பட்ட இடம் மதுரை. அவரையடுத்து இத்துறையைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் கே. குணரத்தினம் முதன்மையானவர்.

ஹொலிவூட்டின் பெருநிறுவனங்கள் படத்தயாரிப்பையும் விநியோகத்தையும் திரையரங்குகளையும் ஒரே கையில் வைத்திருந்தன. 1948 இல் அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பு அப்பிணைப்பைத் தளர்த்தியது. அதே பிணைப்பையே குணரத்தினம் இலங்கையில் உருவாக்கினார். அவரது சினிமாஸ் நிறுவனம் படங்களை இறக்குமதி செய்தது, திரையரங்குகளை நடத்தியது; ஹெந்தளையில் விஜயா கலையகமும் எழுந்தது.

அவர் தயாரித்த ‘சுஜாதா’ (1953) ஓர் இந்திப் படத்தின் தழுவல். தென்னிந்திய வாய்பாட்டைச் சிங்களத்திற் புகுத்தினர் என இத்தகைய தயாரிப்பாளர்மீது சாட்டப்படும் குற்றம் முற்றிலும் பொய்யன்று. ஆயின் அது முழு உண்மையுமன்று. ‘ரேகாவ’ (1956) பாராட்டுப் பெற்றும் வசூலில் தோல்வியுற, அதன் நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அடுத்த வாய்ப்பின்றி இருந்தார். அவ்வாய்ப்பை ‘சந்தேசய’ (1960) மூலம் அளித்தவர் குணரத்தினமே. வாய்பாட்டின் காவலர் எனப்பட்டவரே அதனை மீறிய கலைஞருக்கும் முதலிட்டார் என்பது நோக்கற்பாலது.

1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதும் இறக்குமதி தனியார் கையினின்றும் நீங்கியது. 1983 யூலையில் விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. ஒரு தமிழரின் உடைமையென எரியூட்டப்பட்ட அவ்விடத்தில் அழிந்தவை சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள். 1989 இல் குணரத்தினம் சுட்டுக்கொல்லப்பட்டார்.

போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, கெடிகேயின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு உயர்ந்த நிலத்தில் மீள அடுக்கப்பட்டன. எரிந்த சுருள்களை மீள அடுக்குவார் எவருமிலர். ஆகவே, அவற்றை ஆக்கியோரின் வரலாற்றையேனும் பதிந்துவைத்தல் இரு மொழி ஆய்வாளருக்கும் உரிய கடனாகும்.