பழைய வாடகைப் பாக்கியும் ஒரு துண்டு ரசீதும்

வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த அன்றே கணக்கு முடிந்ததென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஓராண்டு கழித்து, 'ஐந்து மாத வாடகை பாக்கி' என்று பழைய வீட்டுக்காரரின் வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான் திகைக்கிறோம். இத்திகைப்புக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டப்படி, பாக்கி வைத்தவரின் தட்டுமுட்டுச் சாமான்களை நீதிமன்றத்தை நாடாமலேயே வீட்டுக்காரர் கைப்பற்றலாம். ஆனால் பிணையாக வைத்துக்கொள்ளலாமே தவிர, விற்க இயலாது. 1689-ஆம் ஆண்டுச் சட்டம் விற்கவும் வழிவிட்டது. குடித்தனம் முடிந்தால் இவ்வுரிமையும் முடியும் என்றிருந்ததை 1709-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. குடியிருந்தவர் வெளியேறாமல் இருந்தால் மேலும் ஆறு மாதம் வரை கைப்பற்றலாம் என்றது. வஞ்சகமாகச் சாமான்களைக் கடத்திச் சென்றால் 30 நாள் வரை தேடிப் பிடிக்க 1737-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அங்கே இப்பழைய உரிமை ஒழிந்தது 2014-இல்தான்.

சென்னை நகரில் இதே அதிகாரம் 1882-ஆம் ஆண்டுச் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டத்தில் கடிவாளத்தோடு காணப்படுகிறது. ஜப்திக்கு நீதிமன்ற ஆணை வேண்டும்; 12 மாதப் பாக்கிக்கு மேல் கோர இயலாது; சூரியன் உதித்த பின், மறையும் முன் மட்டுமே ஜப்தி. அந்நேரத்தில் ஒருவர் கையில் பயன்பாட்டில் இருக்கும் பொருளைத் தொடலாகாது என்றும் ஒரு விதி உண்டு. உழைக்கும் கைக்கு முன் சட்டம் சற்றே தயங்கி நின்ற இடம் அது.

விடுதலைக்குப் பின் வழக்கின் களம் சாமானிலிருந்து தாளுக்கு மாறியது. வாடகை பெறுபவர் கையொப்பமிட்ட ரசீது தரவேண்டும் என்றது 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2019-இல் அதன் இடத்தைப் புதிய சட்டம் பிடித்தது. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டமோ, பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்கிறது. அக்கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு நாம் எழுதிக் கையொப்பமிட்டால், மூன்றாண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கூச்சத்தாலோ கோபத்தாலோ எழுதப்படும் ஒரு வரியின் விலை அது.

ஆகவே நோட்டீஸ் வந்தால் முதலில் மாதவாரியாகக் கணக்குக் கேட்போம். ரசீதுகளோடும் முன்பணத்தோடும் ஒப்பிடுவோம். உண்மையில் பாக்கி இருந்தால் கொடுத்து, அதற்கும் ரசீது பெறுவோம். ரசீது கேட்பது அவநம்பிக்கை என்று நம்மவர் கூசுகிறார்கள். சாமானைத் தூக்கிச் சென்ற காலத்தை அறிந்தவர்கள் அப்படிக் கூசமாட்டார்கள்.