உணவகச் சமையலறைக்கு வழுக்காத தரை: தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

உணவகங்கள், மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் சமையலறைகளில் கால் வழுக்குவது சாதாரணச் சறுக்கலாக முடிவதில்லை. கொதிக்கும் எண்ணெய், சூடான சாம்பார் அண்டா, கூரிய கத்தி ஆகியவற்றைக் கையில் ஏந்தியபடியே பணியாளர்கள் அங்கு நடமாடுகின்றனர். அத்தகைய இடத்தில் ஒருவர் விழுந்தால் எலும்பு முறிவுடன் தீக்காயமும் சேர்ந்துகொள்கிறது. அருகில் நிற்பவரும் பாதிக்கப்படுகிறார். எனினும், சமையலறை அமைக்கும்போது அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் அளிக்கப்படும் கவனம் தரைக்குப் பெரும்பாலும் அளிக்கப்படுவதில்லை.

விதிகள் கூறுவது என்ன?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் கீழ் வகுக்கப்பட்ட 2011-ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளில், நான்காவது அட்டவணை சமையலறையின் சுகாதார நிபந்தனைகளை வரையறுக்கிறது. தரை நல்ல நிலையில், எளிதில் சுத்தம் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். நீர் வடிவதற்கு ஏற்ற வாட்டம் இருக்க வேண்டும். உணவு தயாரிப்பு நகரும் திசைக்கு எதிர்த் திசையில் கழிவுநீர் செல்ல வேண்டும் என்பன அதன் சாரம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உணவகங்களுக்காக வெளியிட்டுள்ள ஆய்வுப் பட்டியலிலும் தரை வழுக்காததாக இருக்க வேண்டும் என்பது இடம்பெற்றுள்ளது. குறைகள் காணப்பட்டால், சட்டத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் மேம்பாட்டு அறிவிப்பு அனுப்பவும், அதன் பிறகும் சரிசெய்யப்படாவிட்டால் உரிமத்தை இடைநிறுத்தவும் அதிகாரிகளுக்கு இயலும்.

வழுக்கச் செய்யும் பொருள்கள் தரையில் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. ஆனால், அச்சட்டத்தில் 'தொழிற்சாலை' என்பதன் வரையறையிலிருந்து ஹோட்டல்களும் உணவகங்களும் விலக்கப்பட்டிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

தரை ஏன் வழுக்குகிறது?

காலணிக்கும் தரைக்கும் இடையே நீர் அல்லது எண்ணெய்ப் படலம் உருவாகும்போது உராய்வு குறைகிறது. தரையின் நுண்ணிய மேடுகள் இப்படலத்தைத் துளைத்துக் காலணியைத் தொட்டால்தான் பிடிப்பு கிடைக்கும். எண்ணெயின் படலம் நீரைவிடத் தடிமனானது என்பதால் அதற்கு அதிகச் சொரசொரப்பு தேவைப்படுகிறது. சுத்தமான நீர் மட்டும் சிந்தும் இடத்தில் சுமார் 20 மைக்ரான் சொரசொரப்பு போதுமானது என்றும், ஆலிவ் எண்ணெய் போன்றவை சிந்தும் இடத்தில் 70 மைக்ரான் தேவை என்றும் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டுதல் கூறுகிறது. குளியலறைக்குப் பொருத்தமான டைல்ஸ், வடை பொரிக்கும் அடுப்பின் முன் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

மதிப்பீட்டு எண்களைப் படிப்பது எப்படி?

கடைகளில் 'ஆன்டி-ஸ்கிட்' என்று எழுதப்பட்டிருப்பது மட்டும் போதுமான உறுதியன்று. மங்கலான மேற்பரப்பு கொண்ட டைல்ஸ் அனைத்தும் வழுக்காதவை என்றும் கொள்ள இயலாது. பரவலாகப் பயன்படும் அளவீடுகள் மூன்று.

முதலாவது, ஜெர்மனியின் டின் 51130 சரிவுச் சோதனை. எண்ணெய் பூசிய தரைப் பலகையின் மீது பாதுகாப்புக் காலணி அணிந்த ஒருவர் நடக்க, பலகையின் சாய்வு படிப்படியாகக் கூட்டப்படுகிறது. அவர் வழுக்கத் தொடங்கும் கோணத்தைப் பொறுத்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் அளிக்கப்படுகிறது. ஆர்-9 என்பது 6 முதல் 10 பாகை வரையிலான மிகக் குறைந்த தரம். ஆர்-11 என்பது 19 முதல் 27 பாகை வரையிலும், ஆர்-12 என்பது 27 முதல் 35 பாகை வரையிலும் அமைந்தவை. வணிகச் சமையலறைக்கு ஆர்-11-க்குக் குறையாமலும், அதிக அளவில் சமைக்கும் இடங்களுக்கு ஆர்-12-உம் தேர்ந்தெடுப்பது வழக்கம். இதனுடன் வரும் 'வி-4' போன்ற குறியீடு, சிந்திய திரவம் தங்குவதற்கு மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் கொள்ளளவைக் காட்டுகிறது.

இரண்டாவது, ஊசல் சோதனை. ரப்பர் பட்டை பொருத்திய ஊசல் தரையை உரசிச் செல்லும்போது கிடைக்கும் மதிப்பு 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு. 25-க்குக் கீழ் இருந்தால் அபாயம் அதிகம். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள தரையையும் இம்முறையில் அளக்கலாம். மூன்றாவது, அமெரிக்க ஏ326.3 தரநிலையின் இயக்க உராய்வு எண். நீர் மட்டும் சிந்தும் உட்புறச் சமதளத்திற்கு 0.42 எனவும், எண்ணெய் சிந்தும் இடத்திற்கு 0.55 எனவும் அது குறைந்தபட்ச அளவைக் குறிப்பிடுகிறது.

இந்தியச் சூழலில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. ஆர் தரம் காலணி அணிந்த நடையைக் கொண்டு அளக்கப்படுவது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர், கோயில் மடைப்பள்ளிகள் போன்றவற்றில் பணிபுரிவோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். அத்தகைய இடங்களுக்கு, சோப்பு நீரில் வெறுங்கால் நடையை அளக்கும் டின் 51097 சோதனையின் ஏ, பி, சி தரங்களையும் கேட்டுப் பெறுவது பொருத்தம். இவற்றில் சி மிக உயர்ந்தது. சாதாரண ரப்பர் செருப்பு அணியும் பணியாளர்களுக்கும் ஆர் தரம் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது.

எந்தத் தரை, எந்த இடத்திற்கு?

கோட்டா கல்: ராஜஸ்தானிலிருந்து வரும் இச்சுண்ணாம்புக்கல் உறுதியானது, பரவலாகக் கிடைப்பது. பாலிஷ் செய்யாத மேற்பரப்பு நல்ல பிடிப்பைத் தரும். ஆனால் புளி, எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் ஆகியவை இதனை அரிக்கும். பாலிஷ் செய்த கோட்டா, கிரானைட், பளிங்கு ஆகியவற்றை எண்ணெய் சிந்தும் இடத்தில் தவிர்க்க வேண்டும்.

விட்ரிஃபைட் மற்றும் குவாரி டைல்ஸ்: விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதம் வரையே நீரை உறிஞ்சும். சொரசொரப்பான வகை சமையலறைக்கு ஏற்றது. எனினும் டைல்ஸ் இடைவெளிகளே அதன் பலவீனம். சிமென்ட் பூச்சு எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சி, நாளடைவில் கரைந்துபோகும். எபாக்சி பூச்சு இதைத் தாங்கும்.

எபாக்சி: இணைப்புகள் இல்லாத இத்தரை உலர் கிடங்கிற்கும் பரிமாறும் பகுதிக்கும் பொருந்தும். பொதுவாக 60 பாகை செல்சியஸை நெருங்கும் வெப்பத்தில் இளகத் தொடங்குவதால், கொதிநீர் கொட்டப்படும் இடத்திற்கு ஏற்றதன்று.

பாலியூரித்தேன் சிமென்ட்: 9 மி.மீ. தடிமனில் இடப்படும்போது சுமார் 120 பாகை செல்சியஸ் வரை தாங்குவதாகத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். மணல் தூவி வேண்டிய சொரசொரப்பை அமைக்கலாம். விலை அதிகம், பயிற்சி பெற்றவர்களே இட வேண்டும்.

பாத்திரம் கழுவும் இடம், மாவு அரைக்கும் இடம், பொரிக்கும் அடுப்பின் முன்பகுதி ஆகியவற்றுக்கு உயர்ந்த தரம் தேவை. ஆனால் பிடிப்பு மிகுந்த தரையிலிருந்து வழவழப்பான தரைக்குத் திடீரென மாறும் எல்லையிலும் கால் தடுமாறும் என்பதால், தரங்கள் படிப்படியாக மாறுவது நல்லது.

வாட்டமும் வடிகாலும்

ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வாட்டம் இருந்தால் நீர் தேங்காது. அதற்கு மேல் சென்றால் தள்ளுவண்டிகள் தாமாக உருளும். வடிகால் பணியாளர்கள் நடக்கும் பாதையில் அல்லாமல், கொப்பரையின் அடியிலோ கழுவு தொட்டியின் ஓரத்திலோ அமைவது பொருத்தம். ஜாலி மூடியும் வழுக்காத வகையாக, தரைமட்டத்திற்குச் சமமாக இருக்க வேண்டும்.

பராமரிப்பே பாதிப் பாதுகாப்பு

சொரசொரப்பான தரையின் பள்ளங்களில் கொழுப்பு படிந்து நிரம்பினால், ஆர்-12 டைல்ஸும் கண்ணாடித் தரைபோல் வழுக்கும். ஈர மாப்பால் துடைப்பது எண்ணெயை அகற்றுவதற்குப் பதிலாகத் தரை முழுவதும் பரப்புகிறது. கொழுப்பு நீக்கித் திரவத்தைக் குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு, கடினமான தூரிகையால் தேய்த்து, நீரால் கழுவி, வைப்பரால் வழித்துவிடுவதே சரியான முறை. எண்ணெயை உறிஞ்சுவதற்காகச் சாக்கையும் அட்டைப் பெட்டியையும் தரையில் விரிக்கும் பழக்கம் ஆபத்தானது. எண்ணெயில் ஊறியதும் அவை காலோடு சேர்ந்து நகர்கின்றன.

வாங்கும் முன்

விற்பனையாளரிடம் சோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும். அது ஈரத் தரைக்கானதா, உலர்ந்த தரைக்கானதா, எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பின்னர், மாதிரித் துண்டுகள் சிலவற்றைச் சமையலறையிலேயே பரப்பி, அங்கு பயன்படும் எண்ணெயையும் நீரையும் ஊற்றி, பணியாளர்கள் அணியும் அதே செருப்புடன் எச்சரிக்கையாக நடந்து பார்க்கலாம். சில நாள்கள் கழித்து அதே துண்டைக் கழுவி, அழுக்கு முழுமையாக நீங்குகிறதா என்பதையும் பார்த்த பின்னரே மொத்தமாக வாங்குவது நல்லது. நாள்தோறும் கழுவ இயலாத தரை, எத்தகைய சான்றிதழுடன் வந்தாலும் விரைவில் வழுக்கும் தரையாக மாறிவிடும்.