கோலாலம்பூர்ச் சொல்லிசை கோடம்பாக்கம் சென்ற வரலாறு



‘ராப்’ எனப்படும் சொல்லிசையின் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். தொளதொளத்த காற்சட்டை, திருப்பிப் போட்ட தொப்பி, மூச்சுவிடாத வேகப் பேச்சு ஆகியவை பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது அவர்களின் அச்சம். அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். காரணம் பின்னர் வருகிறது. ஆயினும், நம் மண்ணில் வளர்ந்த தமிழ்ச் சொல்லிசை தமிழகத் திரையுலகின் வாசலை எட்டிய வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நன்று. அவ்வரலாற்றின் நடுநாயகர், யோகி பி என்று அறியப்படும் கோலாலம்பூர்க் கலைஞர் யோகேஸ்வரன் வீரசிங்கம்.

சொல்லிசை வளர்ந்த ஹிப் ஹாப் பண்பாட்டின் பிறப்பிடம் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி. 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கூல் ஹெர்க் என்னும் ஜமைக்கா நாட்டு இளைஞர் இசையமைத்து நடத்திய விருந்தையே அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். வறுமைப்பட்ட கறுப்பின இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் திருப்பித் திருப்பிச் சுழற்றிப் புதிய தாளம் படைத்தார்கள். முன்னோரின் பாட்டைத் தரையாக்கி அதன்மேல் தன் சொல்லை நிறுத்துவதே இக்கலையின் உயிர்நிலை. இதைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

நம் நாட்டில் 1992இல் கே.ஆர்.யு. சகோதரர்கள் மலாய்ச் சொல்லிசையைப் பரவலாக்கினர். அதே பத்தாண்டில் உருவான குழுதான் ‘போயட்டிக் எம்மோ’. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ ஆகிய நால்வரைக் கொண்டது. இந்தியரும் சீனரும் கலந்த, மலேசியாவுக்கே உரிய கூட்டணி. 1998இல் வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பில் ஆங்கிலமே முதன்மை. எனினும் மலாய், தமிழ், கண்டோனீஸ் மொழிகளுக்கும் இடமிருந்தது. நாட்டின் இசைத்துறை விருதுகளும் அவர்களைத் தேடி வந்தன. ஆக, தமிழுக்கு வரும் முன்பே யோகி பி வெற்றி பெற்ற கலைஞர்தான்.

இனி அந்த அச்சத்தின் கதை. கிள்ளான் பள்ளத்தாக்கின் இன்றைய பல நகர்ப்பகுதிகள் நேற்றைய தோட்டங்கள். 1970களில் உருவாகத் தொடங்கிய சுபாங் ஜெயா, முன்பு சீஃபீல்டு தோட்டமாக இருந்த நிலம்! ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டபோது தோட்டத்து வீடும் கோவிலும் பள்ளியும் சேர்ந்தே ஆட்டம் கண்டன. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் புறம்போக்குக் குடிசைகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் ஒதுங்கினர். 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில் மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் பறிபோயின. 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, குண்டர் கும்பல்களில் இருந்த ஏறத்தாழ 40,000 பேரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு நூற்றுக்கு ஏழு என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், தெருவில் பிறந்த எதனையும் பெற்றோர் ஐயத்தோடு நோக்கியதன் காரணம் விளங்கும்.

இச்சூழலில் 2006இல் ‘வல்லவன்’ வெளிவந்தது. யோகி பி, ‘நட்சத்ரா’வின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பு அது. ஆங்கிலத்தில் பெயர் பெற்றவர் தமிழுக்குத் திரும்பினால் சந்தை சுருங்கும் என்றே வணிகர் கணக்கிடுவர். நடந்ததோ நேர்மாறு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாழும் தமிழ், வங்கக் கடலுக்கு அப்பாலும் வாழ்கிறது அல்லவா? அத்தொகுப்பின் ‘மடை திறந்து’ கடல் கடந்து ஒலித்தது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டை அடித்தளமாகக் கொண்டது அது. படத்தில் அப்பாட்டு, வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளம் இசைக்கலைஞன் தன் வெற்றியைக் கனவு காணும் காட்சியில் வரும். அதை மலேசிய இளைஞர்கள் தேர்ந்தெடுத்தது எத்துணைப் பொருத்தம்! பிராங்ஸின் இசைத்தட்டு உத்தி, இங்கே அப்பாவின் ஒலிநாடாப் பெட்டியிலிருந்து எடுத்தாளப்பட்டது. முகம் சுளித்த தந்தையருக்கும் அம்மெட்டு தெரிந்திருந்தது. வீட்டுக்குள் சொல்லிசை நுழைந்த வழி அதுவே என்பது என் கருத்து.

மொழியாசிரியர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. ஆங்கிலச் சொல்லிசை, அடியின் இறுதியில் ஒலியொன்றும் இயைபையே பெரிதும் நம்பும். தமிழ்ச் செவியோ மோனையையும் எதுகையையும் அடியின் தொடக்கத்தில் எதிர்பார்த்துப் பழகியது. தமிழில் சொல்லிசைப்பவர் இரு முனைகளிலும் ஒலியைக் கட்டலாம். தொடை நயம் கற்பிக்கும்போது மாணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும். அதற்காக, அருணகிரிநாதரே முதல் சொல்லிசைக் கலைஞர் என மேடையில் முழங்குவோரின் கட்சியில் நான் இல்லை. திருப்புகழின் சந்தம் பண்ணோடும் தாளத்தோடும் பிணைந்த வேறொரு மரபு.

தமிழ்த் திரைக்கும் இவ்வடிவம் முற்றிலும் புதிதன்று. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்துவிட்டது. எனினும் சொல்லிசையையே தன் அடையாளமாக்கிக் கொண்ட மலேசியர் ஒருவரைக் கோடம்பாக்கம் அழைத்தது 2007இல், வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ வாயிலாக. அங்கும் 1979இன் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்திற்கு எம்.எஸ். விஸ்வநாதன் அமைத்த ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டே மறு உருவம் பெற்றது. பின்னர் ‘எந்திரன்’ (2010), ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017) என வரிசை நீண்டது.

இவ்வெற்றியில் இழப்பு ஏதும் இல்லையா? உண்டு என்றே நான் எண்ணுகிறேன். சொந்தத் தொகுப்பில் ‘நான்’ என்று பாடினால் அந்த ‘நான்’ கலைஞனே. திரைப்பாடலில் அதே சொல் கதாநாயகனுக்கு உரியதாகிவிடுகிறது. பாடுபவர் நம்மவர், திரையில் நடந்து வருபவர் வேறொருவர். மலேசியப் பேச்சுத் தமிழில் கலந்துள்ள மலாய்ச் சொற்களுக்கும் அங்கு வேலையில்லை. சென்னைக்குப் போகாமல் பெரிய மேடை கிட்டாத நிலையில், போனவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. நம் வீடுகளிலேயே திரைப்பாடல் ஒலிக்கும் நேரத்தில் உள்ளூர்க் கலைஞரின் பாடலுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு?

2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’ வெளிவந்தது. தாராவி மக்களைக் குடியிருக்கும் நிலத்தை விட்டு அகற்றும் முயற்சியும் அவர்களின் எதிர்ப்பும் அதன் கதை. அப்படத்தின் ‘கற்றவை பற்றவை’ பாடலில் யோகி பியின் குரலைக் கேட்கலாம். மும்பை மக்களின் நிலப் போராட்டத்திற்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், தோட்டங்கள் நகரங்களாக மாறிய கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து சென்றவர்.