57 ஆண்டுகள் காத்திருந்த காதல்

இ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை எழுதி முடித்தது 1914-இல். அது அச்சில் வந்தது 1971-இல், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு. நடுவே இரண்டு உலகப் போர்கள் நடந்தன, ஒரு பேரரசு கலைந்தது, எழுதியவர் நடுவயதைக் கடந்து முதுமையும் கண்டு மறைந்தார். நாவல் மட்டும் கைப்பிரதியாகவும் தட்டச்சுப் பிரதியாகவும் நண்பர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. ஆணை ஆண் காதலிக்கும் கதை என்பதால் ஒளித்து வைத்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அந்தக் காதலர்கள் கடைசியில் ஒன்றுசேர்ந்து வாழப் போகிறார்களே, அதுதான் நாவலை மேசைக்குள்ளேயே வைத்தது. கதாநாயகன் தூக்கில் தொங்கியிருந்தாலோ, இருவரும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாலோ, பதிப்பிப்பதில் இவ்வளவு சிக்கல் இருந்திருக்காது என்று ஃபார்ஸ்டரே 1960-இல் எழுதிய பின்குறிப்பில் சொல்கிறார். குற்றவாளிகள் தண்டனை பெறாமல் தப்பித்துப் போகிற கதையாக அது மற்றவர்களுக்குத் தோன்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1913-இல் அவருக்கு வயது 34. நான்கு நாவல்கள் வெளியாகியிருந்தன, 'ஹோவர்ட்ஸ் எண்ட்' பெரும் பெயரை வாங்கித் தந்திருந்தது. ஆனால் ஆணும் பெண்ணும் காதலிப்பதை மட்டுமே தான் எழுத முடிகிறது, எழுத அனுமதியும் இருக்கிறது என்ற சலிப்பை 1911-லேயே நாட்குறிப்பில் பதிந்து வைத்திருந்தார். இந்தியாவுக்குப் போய் அரை ஆண்டு சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். அந்தப் பயணத்தின் முதல் காரணம் சையத் ராஸ் மசூத். லத்தீன் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவனாக வந்து, ஃபார்ஸ்டர் மனமாரக் காதலித்த மனிதர் அவர். அந்தக் காதலுக்கு மசூதிடமிருந்து நட்பு மட்டுமே பதிலாகக் கிடைத்தது. இந்தியாவைப் பற்றித் தொடங்கிய நாவலும் பாதியில் நின்றுபோயிருந்தது.

அந்த நிலையில்தான் எட்வர்ட் கார்ப்பென்டரைப் பார்க்கப் போனார். டெர்பிஷயரில் மில்தார்ப் என்ற சிற்றூரில் காய்கறி பயிரிட்டும், தன் கையால் செருப்புத் தைத்தும் எளிமையாக வாழ்ந்த சோசலிஸ்ட் அவர். அவருடைய வாழ்வின் பெரிய திருப்பம் ஒன்றில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் பழக்கமான இலங்கைத் தமிழர் பொன்னம்பலம் அருணாசலம், கார்ப்பென்டருக்கு பகவத் கீதையை அறிமுகப்படுத்தினார். 1890-இல் இலங்கைக்கு வரவழைத்து ஒரு தமிழ் ஞானியிடமும் கொண்டுபோய் விட்டார். அந்த ஞானியின் காலடியில் அமர்ந்து கேட்டதை கார்ப்பென்டர் நூலாகவே எழுதினார். அருணாசலம் தமக்கு எழுதிய கடிதங்களைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1927-இல் தொகுத்தும் வெளியிட்டார். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பிய சில காலத்தில்தான் கார்ப்பென்டர் ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ஜார்ஜ் மெரில் என்ற இளைஞனைச் சந்தித்தார். 1898 முதல் இருவரும் மில்தார்ப் வீட்டில் ஒளிவு மறைவு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கு இதே உறவுக்காக இரண்டு ஆண்டு கடுங்காவல் கிடைத்து மூன்றே ஆண்டு ஆகியிருந்த காலம் அது. படித்த வர்க்கத்து மனிதரும் சேரியில் பிறந்த மனிதரும் ஒரே கூரையின் கீழ் முப்பது ஆண்டுகள். அப்படியும் வாழலாம் என்பதற்குக் கண்ணெதிரே இருந்த சான்று அந்த வீடு.

ஃபார்ஸ்டர் அங்கே போனபோது மெரில் அவருடைய இடுப்புக்குக் கீழே, பின்புறத்துக்குச் சற்று மேலே, மெல்லத் தொட்டார். பலரையும் அப்படித் தொடுவது மெரிலின் வழக்கம்தான். ஃபார்ஸ்டருக்கு மட்டும் அந்தத் தொடுகை உடம்பில் தங்கவில்லை. முதுகு வழியாக நேரே சிந்தனைக்குள் போய்விட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். தாயார் ஹாரோகேட்டில் நீர்ச்சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். அங்கே திரும்பிய கையோடு எழுத உட்கார்ந்தார். மூன்று பாத்திரங்கள், அவர்களில் இருவருக்கு மகிழ்ச்சியான முடிவு, முழுத் திட்டமும் தடையில்லாமல் பேனாவில் இறங்கியது. அறிவுலகில் எத்தனையோ வாதங்களைக் கேட்டும் பிறக்காத நாவல் ஒரு வேலைக்கார வர்க்கத்து மனிதனின் விரல் பட்டுப் பிறந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நாவலின் உள்ளேயும் அப்படித்தான் நடக்கிறது.

மாரிஸ் ஹால் அறிவாளி அல்ல. புறநகரில் வளர்ந்த, பங்குச்சந்தை அலுவலகத்துக்குப் போய்வருகிற, சராசரியான ஆங்கிலேயன். தன்னைப் போன்ற நுட்பமான எழுத்தாளனைக் கதாநாயகனாக்காமல், உடல் திடமும் மந்த புத்தியும் உள்ள ஒருவனை ஃபார்ஸ்டர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். இது அபூர்வமானவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் நேர்வது என்று காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. கேம்பிரிட்ஜில் கிளைவ் டர்ஹம் என்ற பண்ணை வீட்டு வாரிசு அவனைக் காதலிக்கிறான். பிளேட்டோ படித்த காதல் அது. உடம்பைக் கிட்ட வரவிடாத காதல். சில ஆண்டுகள் கழித்து கிளைவ் கிரேக்கத்துக்குப் போய், இனி தனக்குப் பெண்கள்மீதுதான் நாட்டம் என்று அங்கிருந்து கடிதம் எழுதி, திரும்பி வந்து திருமணமும் செய்து, அரசியலிலும் இறங்குகிறான். மாரிஸ் தனித்துவிடப்படுகிறான்.

அதன்பின் அவன் தன்னை 'சரிசெய்து'கொள்ள அலைவது நாவலின் மிகக் கனமான பகுதி. குடும்ப மருத்துவர் கேட்கக்கூட மறுத்து, அபத்தம் என்று வாயை அடைக்கிறார். ஹிப்னாடிசம் செய்யும் லாஸ்கர் ஜோன்ஸ் பொறுமையாக முயன்று பார்த்துவிட்டு, முடிவில், இது குற்றமாக இல்லாத பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போய்விடுங்கள் என்கிறார். இந்தப் பக்கங்களைப் படிக்கும் தமிழருக்கு இது அன்னிய தேசத்துப் பழங்கதையாகத் தெரியாது. தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்து சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2021-இல்தான். மாரிஸ் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்து நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் நம் ஊரில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அந்த நாற்காலிக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாரிசுக்கு இரண்டாவது வாய்ப்பு ஏணி வழியே வருகிறது. கிளைவின் பெஞ்ச் பண்ணையில் வேட்டைப் பறவைகளையும் காட்டையும் காக்கும் அலெக் ஸ்கடர், ஓர் இரவு ஏணி வைத்து ஏறி, சன்னல் வழியாக அவன் அறைக்குள் வருகிறான். விடிந்ததும் இருவருக்கும் பயம். இவன் தன்னைக் காட்டிக்கொடுத்துப் பணம் பறிப்பானோ என்று மாரிசுக்கு. எசமானன் தன்னை நாயைப்போல விரட்டுவானோ என்று அலெக்குக்கு. பிரிட்டிஷ் மியூசியத்தில் சந்தித்து ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்ளும் காட்சியில்தான் அந்த அச்சத்துக்கு அடியில் கிடக்கும் அன்பு இருவருக்கும் தெரிகிறது. அலெக் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறுவதாக ஏற்பாடு. வழியனுப்ப மாரிஸ் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குப் போகிறான். அலெக் வரவில்லை. அவன் பெஞ்சின் படகு வீட்டில் காத்திருக்கிறான். தன்னை ஏற்றுக்கொள்வது என்பது மாரிசுக்கு மனத்துக்குள் நடந்து முடியும் காரியமாக இல்லை. வேலையையும் வர்க்கத்தையும் குடும்பப் பெயரையும் துறந்துதான் அவன் அந்தப் படகு வீட்டுக்குப் போய்ச் சேர முடிகிறது. இந்த விலையை ஃபார்ஸ்டர் குறைத்துக் காட்டவில்லை. அதனால்தான் அந்த முடிவை நான் வெறும் ஆசைக் கனவாக எண்ணவில்லை.

அச்சில் போடாமல் நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். கார்ப்பென்டருக்குப் பிடித்திருந்தது. லிட்டன் ஸ்ட்ரேச்சி 1915-இல் எழுதிய கடிதத்தில், மாரிஸும் அலெக்கும் ஆறு மாதத்தில் பிரிந்துவிடுவார்கள் என்றார். வர்க்க இடைவெளியை எதுவும் தாண்டாது என்பது அவர் கணிப்பு. மில்தார்ப் வீட்டில் அதற்குப் பதில் இருந்தது. எல்லாவற்றையும்விட ஃபார்ஸ்டரை நோகடித்தவர் ஹ்யூ மெரிடித். கேம்பிரிட்ஜில் அவர் காதலித்தவர், கிளைவுக்கு மூலமாக இருந்தவர். பிரதியைப் படித்த அவர் பெரிதாக அக்கறை காட்டவேயில்லை.

முதல் வடிவத்தில் ஒரு பின்கதை இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு மாரிஸின் தங்கை கிட்டி, மரம் வெட்டிப் பிழைக்கும் இருவரையும் காட்டில் எதிர்ப்படுகிறாள். அது நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. கதை 1912 வாக்கில் நடக்கிறது, சில ஆண்டுகள் என்று கணக்கிட்டால் போர் வந்துவிடும், அந்த இங்கிலாந்தே இருக்காது. பின்கதையை நீக்கினார். அலெக் வரும் பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுதினார். 1922-இல், இந்திய நாவலை மறுபடி கையிலெடுத்த காலத்தில், தன்பால் காம எழுத்துகள் பலவற்றைத் தீயிலிட்டார். அவை தன் கலைக்குத் தடையாக இருக்கின்றன என்ற எண்ணம். 'மாரிஸ்' அந்தத் தீக்குப் போகவில்லை. 1924-இல் 'எ பேசேஜ் டு இந்தியா' வெளியானது, மசூதுக்குக் காணிக்கையாக. அதற்குப் பிறகு 46 ஆண்டுகள் உயிரோடிருந்தும் அவர் இன்னொரு நாவல் வெளியிடவில்லை.

இந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1885-இல் இங்கிலாந்தில் வந்த சட்டப்பிரிவின்படி ஆண்களுக்கிடையே எந்தப் பாலியல் நெருக்கமும் குற்றம். இந்தியாவின்மேல் அதே அரசு 1860-லேயே 377-ஆம் பிரிவைச் சுமத்தியிருந்தது. தாயார் லில்லி 1945 வரை வாழ்ந்தார், அவருடன் ஒரே வீட்டில்தான் மகனும் இருந்தார். 1930 முதல் அவர் வாழ்வில் இருந்த பாப் பக்கிங்ஹாம் காவல்துறையில் வேலை பார்த்தவர், மணமானவர். புத்தகம் வெளிவந்தால் முதலில் சுடுவது அந்தக் குடும்பத்தைத்தான். ஆனாலும் ஓர் இழப்பு இருக்கிறது. 1920-களிலும் 30-களிலும் ஏதோ ஒரு சிற்றூரில், உலகில் தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக் கிடந்த பையனுக்கு இந்த முடிவு போய்ச் சேரவில்லை. 2018-இல் லண்டனில் மேடையேறிய மேத்யூ லோபஸின் 'தி இன்ஹெரிட்டன்ஸ்' நாடகம் ஃபார்ஸ்டரையே ஒரு பாத்திரமாக்கி, இளைய தலைமுறையின் எதிரே நிறுத்துகிறது. அந்தப் பையனுக்காக ஏன் வெளியிடவில்லை என்ற கேள்விக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன்.

1960 செப்டம்பரில் அவர் நாவலுக்குப் பின்குறிப்பு எழுதினார். அறியாமையும் அச்சமும் போய், பழக்கமும் இகழ்ச்சியும் வந்ததுதான் பொதுமக்கள் மனத்தில் தான் கண்ட மாற்றம் என்றார். தன்பால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கச் சொன்ன 1957-ஆம் ஆண்டின் உல்ஃபென்டன் அறிக்கையை ஏற்கப் போவதில்லை, நீதிபதி இருக்கையில் கிளைவ் உட்கார்ந்து, கூண்டில் நிற்கும் அலெக்குக்குத் தண்டனை தந்துகொண்டேதான் இருப்பான் என்று கசந்தார். அடுத்த மாதமே, 81 வயதில், டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவல் மீதான வழக்கில் பெங்குவின் பதிப்பகத்துக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதுவும் பண்ணைக் காட்டுக் காவலன் ஒருவனின் காதல் கதைதான். லாரன்ஸின் காவலனுக்காகச் சாட்சிக் கூண்டு ஏறிய மனிதரின் வீட்டில் அவருடைய சொந்தக் காவலன் இன்னும் காத்திருந்தான். சட்டம் 1967-இல் மாறியது. அப்போதும் வெளியிடவில்லை. தட்டச்சுப் பிரதியின்மேல், பதிப்பிக்கலாம், ஆனால் அதற்குத் தகுமா என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார்.

1970 ஜூன் 7-ஆம் தேதி கவென்ட்ரியில், பக்கிங்ஹாம் குடும்பத்தின் வீட்டில் அவர் இறந்தார். பிரதியை மேசையிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் பெரும் பங்கு கிறிஸ்டபர் ஐஷர்வுட்டுக்கு. 1930-களில் நாவலைப் படித்து நெகிழ்ந்து, வெளியிடத் தூண்டிக்கொண்டே இருந்த இளைய எழுத்தாளர். அமெரிக்கப் பதிப்பின் உரிமையை ஃபார்ஸ்டர் அவருக்கே விட்டுச் சென்றார். 1971-இல் லண்டனில் எட்வர்ட் ஆர்னால்டும் நியூயார்க்கில் நார்ட்டனும் வெளியிட்டனர். விமர்சகர்களில் பலர் பலவீனமான நாவல் என்றனர், காலம் கடந்துவிட்டது என்றனர். இதைவிட இன்பமான ஆண்டு ஒன்றுக்கு என்று எழுதியிருந்த காணிக்கையைப் படித்தவர்கள் வேறு மாதிரி உணர்ந்திருப்பார்கள்.

1987-இல் ஜேம்ஸ் ஐவரி படமாக்கினார். ஜேம்ஸ் வில்பி மாரிஸ், ஹ்யூ கிராண்ட் கிளைவ், ரூபர்ட் கிரேவ்ஸ் அலெக். வெனிசில் வில்பியும் கிராண்டும் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த நேரம். அடுத்த ஆண்டே தன்பால் உறவை 'ஊக்குவிக்க' உள்ளாட்சிகளுக்குத் தடைபோட்ட 28-ஆம் பிரிவு பிரிட்டனில் வந்தது. திரையில் அந்த இருவர் உயிரோடும் சேர்ந்தும் இருந்தது அப்போது எத்தனை பேருக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கும்.

நாவலின் அமெரிக்க ராயல்டியை ஐஷர்வுட் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கலை இலக்கிய அகாதமிக்கு மாற்றி, பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் இளம் எழுத்தாளர்கள் அமெரிக்கா வந்து தங்க உதவும் பரிசாக்கினார். பெயர் இ.எம். ஃபார்ஸ்டர் விருது. 1989-இல் ஆலன் ஹாலிங்ஹர்ஸ்ட் அதைப் பெற்றார். ஃபார்ஸ்டரைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்தவர், முந்தைய ஆண்டுதான் தன் முதல் நாவலை, ஆண்களுக்கிடையேயான காதலையும் காமத்தையும் எதையும் மறைக்காமல், சொந்தப் பெயரிலேயே வெளியிட்டிருந்தார். 2004-இல் அவருடைய நான்காவது நாவல் புக்கர் பரிசு பெற்றது.