கிண்டிக் காடும் அடையாற்றுப் பூங்காவும்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்து அமைந்துள்ள ஊர் குமணன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும். ஊருக்கு வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் ஓடுகின்றன. இங்கிருந்து பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் போரூர் வழியாகச் சென்று, மணப்பாக்கம் அருகே அடையாற்றைக் கடந்தால் கிண்டியை அடையலாம். காலையில் கிண்டியையும் பிற்பகலில் அடையாற்றின் முகத்துவாரப் பகுதியையும் பார்த்துவிட்டு அன்றே ஊர் திரும்பலாம். பெருநகரின் நடுவே இவ்விரு இடங்களும் எஞ்சியிருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

கிண்டிக் காடு

கிண்டிக் காடு முன்பு கில்பர்ட் ரோடெரிக்ஸ் என்பவரின் தோட்டமாக இருந்தது. 1821இல் சென்னை அரசு அதனை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் விடுதலைக்குப் பின் காடு சுருங்கியது. காந்தி மண்டபம், குழந்தைகள் பூங்கா, 1959இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றுக்கு இங்கிருந்தே நிலம் தரப்பட்டது. நினைவிடம், விளையாட்டு, கல்வி என ஒவ்வொன்றும் நல்ல நோக்கமே. அதனால்தான் ஒவ்வொரு முறையும் நிலம் கொடுப்பது எளிதாயிற்று.

1978இல் எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தேசியப் பூங்காவின் எல்லையை எந்தத் துறையும் தன் விருப்பப்படி மாற்ற இயலாது. காப்புக்காடு என்ற பெயர் தராத காவலை இந்தச் சட்டம் தந்தது. புள்ளிமான், வெளிமான், நரி ஆகியவை இன்றும் இங்கு வாழ்கின்றன. குழந்தைகள் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். உட்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை.

அடையாற்றுப் பூங்கா

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, வடகரையில் ஓர் உப்பங்கழி உள்ளது. குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டு அது தூர்ந்துபோயிருந்தது. இடிபாடுகளை அகற்றி, நீர் வந்து செல்ல வழி அமைத்து, அலையாத்தி உள்ளிட்ட இப்பகுதிக்குரிய தாவரங்கள் நடப்பட்டன. 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாணவர்கள் சூழலியலை நேரில் கற்க ஏற்ற இடம் இது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டு செல்வது நல்லது.

இழப்பும் மீட்பும்

கிண்டியில் 505 ஹெக்டேரில் 235 ஹெக்டேர் காப்புக்காட்டை விட்டு வெளியேறியது. அடையாற்றில் மீட்கப்பட்ட 58 ஏக்கர் என்பது சுமார் 23 ஹெக்டேர். அதாவது இழந்ததில் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு பங்கை மீட்கவே இடிபாடுகளை அகற்றவும் நீர்வழி வெட்டவும் செடி நட்டு வளர்க்கவும் வேண்டியிருந்தது. கிண்டியில் மிஞ்சிய காட்டுக்கோ ஒரு சட்டமும் அதை மதிக்கும் மக்களுமே போதுமானவை.