ஒளியும் இடமும்: உடுத்தொகுதிகளை இனங்கண்ட வரலாறு

தத்தம் பிறந்த நட்சத்திரத்தின் பெயரை அறியாதார் எம்மிடையே அரியர். ஆயின், ரோகிணியிற் பிறந்த ஒருவரை இரவிலே முற்றத்துக்கு அழைத்து, அந்த ரோகிணி எங்கேயுள்ளது என வினவின் விடை பெறுதல் எளிதன்று. பஞ்சாங்கத்தில் எஞ்சி நிற்கும் அப்பெயர் ஒருகாலத்தில் வானத்தைப் பார்த்து வழங்கப்பட்டதாகும். எண்ணிறந்த விண்மீன்களிடையே ஒரு தொகுதியை முன்னோர் எவ்வாறு இனங்கண்டனர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை 48 உடுத்தொகுதிகளுள் அடக்கி, ஒளிக்கேற்ப ஆறு தரங்களாக வகுத்தார். எனினும் அவற்றுட் பெரும்பாலானவற்றை அவர் தனிப்பெயராற் சுட்டவில்லை. கண், தோள், பாதம் என உருவத்தின் உறுப்பாலேயே சுட்டினார்.

பாரசீகத்தவரான அல்-சூபி, ஏறத்தாழ கி. பி. 964இல் அரபு மொழியில் இயற்றிய நூலிலே தொலமியின் பட்டியலை ஆராய்ந்து, அரபியர் வழங்கிய பெயர்களையும் அதனோடு இணைத்தார். அரபுப் பெயர்கள் பல பின்னர் இலத்தீன் வழியாக ஐரோப்பாவிற் பரவின. றைகல் என்பது பாதத்தையும் தெனெப் என்பது வாலையும் குறிப்பன. எமது ரோகிணியாகிய அல்டெபரான் 'பின்தொடர்வது' எனப் பொருள்படும். அது கார்த்திகையைப் பின்தொடர்ந்து உதிப்பது. எமது நட்சத்திர வரிசையிலும் கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணியே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இந்திய மரபில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அடையாளமாகக் கொள்ளப்படும் விண்மீன் யோகதாரை எனப்பட்டது. சூரிய சித்தாந்தத்தின் எட்டாம் அத்தியாயம், ரோகிணியிற் கிழக்கிலுள்ளது, கேட்டையில் நடுவிலுள்ளது என்றவாறு பலவற்றுக்கு இடத்தையே கூறுகின்றது. எஞ்சியவற்றுக்கு மாத்திரமே ஒளிமிக்க மீனைக் கொள்ளுமாறு விதிக்கின்றது. ஒளி ஒன்றே அடையாளமாகாது என்பதை அந்நூலார் உணர்ந்திருந்தனர் எனலாம்.

அவ்வுணர்வு பொருத்தமானதே என்பதைப் பிற்கால வரலாறு காட்டுகின்றது. 1603இல் யொகான் பாயர் எனும் ஜேர்மனியர் தமது விண்மீன் படத்தொகுப்பில், ஒவ்வொரு தொகுதியின் மீன்களுக்கும் கிரேக்க எழுத்துக்களை இட்டார். பெரும்பாலும் ஒளிமிக்கதே அல்பா ஆயிற்று. ஆயின் ஓரையன் தொகுதியில் அல்பா எனப்பட்டது நாம் திருவாதிரை என வழங்கும் பீற்றெல்யூஸ்; பீற்றா எனப்பட்ட றைகலோ பொதுவாக அதனிலும் ஒளிமிக்கது. மேலும், திருவாதிரையின் ஒளி மாறுமியல்பினது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அது வெறுங்கண்ணுக்கே புலப்படுமளவுக்கு மங்கிற்று. அப்போதும் அதனை இனங்காணத் துணைநின்றது அதன் இடமேயாகும்.

ஆகவே, ஒளி கண்ணை அழைக்கின்றது. இடமே அடையாளத்தை உறுதிசெய்கின்றது. மாசி மாத முன்னிரவிலே உச்சிவானை நோக்குவோர் ஓரையனின் இடையில் ஒரே வரிசையாக அமைந்த மூன்று மீன்களைக் காணலாம். அவ்வரிசையை வடமேற்காக நீட்டின் செந்நிற ரோகிணி தென்படும்; தென்கிழக்காக நீட்டின் வானிலே மிகுந்த ஒளியுடைய சிரியஸ் தென்படும். நூல்களைக் கற்கும் நாம், அவற்றிற் கூறப்பட்ட வானத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். அப்போதுதான் பஞ்சாங்கத்துப் பெயர் மீண்டும் விண்மீனாகும்.